ட்ரெட்மில் நிற்றல்: மூன்று அளவைகளின்வழி ஓர் ஆராய்ச்சி

இவ்வாராய்ச்சி, ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டு ட்ரெட்மில் நின்றுவிடுவதைப் பற்றியது. வாங்கிய மூன்றாம் மாதம் ஆள் நின்றுவிடுவதைப் பற்றியதன்று. அது உளவியலார் பாடு. கைப்பிடியில் ஈரத்துண்டும் பள்ளிச் சீருடையும் தொங்கும் பொறிகளையும் இங்கே சேர்க்கவில்லை. அவை பொறியா, கொடியா என்னும் வழக்கு பல குடும்பங்களில் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

நிற்றல் என்பது மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு ஒரே நோய்போலத் தோன்றும். அன்று. ஆள் ஏறும் முன்னே நிற்பது ஒன்று. ஏறியதும் நிற்பது ஒன்று. இருபது நிமிடம் உழைத்துவிட்டு நிற்பது ஒன்று. குலுங்கினால் நிற்பது ஒன்று. வீட்டையே இருட்டாக்கிவிட்டு நிற்பது ஒன்று. எப்போது நிற்கிறது என்று பார்த்தவர் எதனால் நிற்கிறது என்பதில் பாதியைக் கண்டவர் ஆகிறார். இதுவே நம் கொள்கை. எஞ்சியதெல்லாம் இதற்கு விரிவுரை.

முன்னோர் நிலை

1818-இல் வில்லியம் கியூபிட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் சிறைக் கைதிகளுக்கென்று மிதிசக்கரம் ஒன்றை வடிவமைத்தார். கைதிகள் வரிசையாக நின்று படிகளை மிதிக்க மிதிக்கப் பெரிய உருளை சுழலும். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது. சிலவற்றில் தண்ணீர் இறைத்தது. வேறு சிலவற்றில் காற்றை மட்டுமே அரைத்தது. 1898-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. இடைப்பட்ட எண்பது ஆண்டுகளில் பவர் போய்விட்டது என்று எந்தக் கைதியும் புகார் செய்திருக்க வழியில்லை. பவர் அவர் காலிலேயே இருந்தது. நிறுத்தும் பொத்தான்தான் காவலரிடம்.

1963-இல் ராபர்ட் புரூஸ் என்னும் அமெரிக்க இதய மருத்துவர், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டிக்கொண்டே போகும் பரிசோதனை முறையை வெளியிட்டார். முதற்படியே மணிக்கு 2.7 கி.மீ. வேகம், 10 விழுக்காடு ஏற்றம். நம் ஊரில் டிஎம்டி எடுக்கப்போய் மார்பில் ஒயர்களோடு மூச்சிரைத்தவர்களில் பெரும்பாலோர் புரூஸின் படிகளில் ஏறியவர்களே. அங்கே ஆள் நின்றால் ரிப்போர்ட் கிடைக்கும். பொறி நின்றால் மறுபடி முதலிலிருந்து.

1968-இல் கென்னத் கூப்பர் எழுதிய ‘ஏரோபிக்ஸ்’ வெளிவந்தது. அதைப் படித்துத் தூண்டப்பட்ட வில்லியம் ஸ்டாப் என்னும் பொறியாளர், வீட்டுக்கு ஏற்ற விலையில் ட்ரெட்மில் செய்யத் தொடங்கினார். பொறி ஆஸ்பத்திரியை விட்டுப் படுக்கையறைக்கு வந்தது. வந்த இடத்தில் ஃபோன் சார்ஜருக்கும் கொசு விரட்டிக்கும் என்று வைத்திருந்த பிளக் பாயின்ட்டைச் சந்தித்தது.

அளவைகள்

அறிவைப் பெறும் வழிகளை அளவை என்பர் தருக்க நூலார். சைவ சித்தாந்திகள் காட்சி, கருதல், உரை என மூன்றைச் சிறப்பாகக் கொள்வர். நமக்கும் அம்மூன்றே போதும்.

காட்சி என்பது முன்மூடியைக் கழற்றிப் பார்ப்பதும், முகர்வதும், காதைக் கொடுப்பதும். கருதல் என்பது புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று துணிதல். தருக்க நூல்கள் அந்தப் புகையைத் தேடி மலைவரை போயின. நமக்கு அது மோட்டார் மூடியின் இடுக்கிலேயே கிடைக்கிறது.

உரை என்பது நம்பத்தக்கவர் சொல். சிக்கல் இங்கேதான். பொறி தானே திரையில் ஈ-1, ஈ-2 என்று எழுதிக் காட்டுகிறது. அவற்றுக்கோ கம்பெனிதோறும் பொருள் வேறு. பொருள் சொல்லும் கையேடு அட்டைப்பெட்டியோடு பழைய பேப்பர்காரரிடம் போய் நாளாகிறது. எஞ்சிய சான்றோர் இருவர். மெக்கானிக், “போர்டு போயிடுச்சு சார்” என்பார். மாமனார், “கரண்ட்டு சரியில்ல மாப்ள” என்பார். இருவரும் பொறியைத் தொடாமலே சொல்வர். அவற்றுள் மாமனார் கூற்றை முதலில் ஆராய்வோம், வயதுக்கு மரியாதை.

மாமனார் கட்சி

பொறியின் பெட்டிமேல் ‘4 எச்.பி. பீக்’ என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு குதிரைத்திறன் 746 வாட். நான்கு குதிரைக்கு 2,984 வாட். நம் வீட்டு 230 வோல்ட்டில் அதற்கு 13 ஆம்பியர் வேண்டும். படுக்கையறைச் சுவரில் இருப்பதோ 6 ஆம்பியர் பாயின்ட். அதன் எல்லை 1,380 வாட். அப்படியானால் இரண்டு குதிரைகள் சுவருக்கு அந்தப்பக்கமே நின்றுவிட்டன என்றாகும். உண்மையில் நான்கும் ஒருபோதும் சேர்ந்து ஓடுவதில்லை. பீக் என்பது மோட்டார் நொடிப்பொழுது எட்டக்கூடிய உச்சம். தொடர்ந்து தரக்கூடிய திறன் அதே பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும், அல்லது இருக்காது. வாங்கும்போது கேட்க வேண்டியது அந்தச் சிறிய எழுத்தைத்தான்.

இருந்தாலும் மாமனார் சொல்வதில் பொருள் உண்டு. 16 ஆம்பியர் பெரிய பிளக்கை ‘கன்வெர்ட்டர்’ போட்டுச் சிறிய பாயின்ட்டில் சொருகுவதும், மெல்லிய ஒயர் கொண்ட நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து இழுப்பதும் நம் வழக்கம். மெல்லிய ஒயரில் மின்சாரம் கூடப் பாய்ந்தால் வழியிலேயே வோல்ட்டேஜ் குறைந்துபோகும், ஒயரும் சுடும். சாயங்காலம் அடுக்ககம் முழுவதும் ஏ.சி. போடும் நேரத்தில் வீட்டுக்கு வருவதே குறைவாக இருந்தால், போர்டு தன் வரம்பு தாண்டியதும் கையை விரித்துவிடும். காலையில் ஓடி மாலையில் நின்றால், கால் வைக்கும்போதெல்லாம் அறை விளக்கு மங்கினால், மாமனார் வென்றார் என்க. பொறியைப் பெரிய பாயின்ட்டில் நேராகச் சொருகிப் பார்ப்பதே சோதனை. செலவில்லை.

பெல்ட் கட்சி

இனி நம் கட்சி. ஏறியதும் நிற்பதற்கும், காலடி விழும்போதெல்லாம் இழுத்து இழுத்துப் போவதற்கும் தலையாய காரணம் பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவே எண்ணெய் வற்றிப்போவது.

ட்ரெட்மில் பெல்ட், நடக்கிற இடத்தில் சக்கரங்களின்மேல் ஓடவில்லை. இருமுனையிலும் உருளைகள், நடுவில் வழவழப்பான மரப்பலகை. ஒவ்வோர் அடியிலும் நம் எடை பெல்ட்டைப் பலகையோடு அழுத்த, மோட்டார் அதை உருவி இழுக்கிறது. எண்ணெய் வற்றினால் உராய்வு ஏறும். வேகம் குறைவதைச் சென்சார் சொல்ல, போர்டு இன்னும் கொஞ்சம் மின்சாரம் விடும். மேலும் உராய்வு, மேலும் மின்சாரம். தனக்கு விதித்த எல்லையைத் தாண்டும்போது போர்டு தானே நிறுத்திவிடும். அந்த நிறுத்தம் கடமையுணர்ச்சி. அதைத்தான் நாம் கோளாறு என்கிறோம். அணைத்துவிட்டு மறுபடி போடுகிறோம், மறுபடி நிற்கிறது, மறுபடி போடுகிறோம். இப்படி மாதக்கணக்கில் தாங்கிய போர்டு கடைசியில் உண்மையாகவே கருகுகிறது. மெக்கானிக் வந்து போர்டு போய்விட்டது என்கிறார். அவர் சொல்வது மெய். ஆனால் புதுப் போர்டைப் பழைய வறண்ட பெல்ட்டுக்கே கட்டிவைத்துப் போகிறார். அதுவும் சில மாதத்தில் போகும். குற்றம் செய்தது பெல்ட், ஆயிரக்கணக்கில் அபராதம் கட்டுவது நாம், தண்டனை போர்டுக்கு.

ஈண்டொரு வினா எழும். பத்து கி.மீ. வேகத்தில் பையன் ஓடும்போது நிற்காத பொறி, மூன்று கி.மீ. வேகத்தில் பெரியப்பா நடக்கும்போது ஏன் நிற்கிறது? பெரியப்பா அதைத் தமக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொள்வது உண்டு. குடும்பத்தினரும் அவர் வயிற்றைப் பார்ப்பர். பாதி நியாயமே. எடை கூடினால் உராய்வு கூடும் என்பது உண்மை. மறுபாதி, வேகம் குறைவாக இருக்கும்போது கால் பெல்ட்டின்மேல் நெடுநேரம் அழுந்திக் கிடக்கிறது. மோட்டாரும் மெதுவாகச் சுழல்வதால் அதனோடு பூட்டிய விசிறி காற்று வீசுவது குறைந்து சூடு தங்குகிறது. கனத்த உடம்பு, மெதுவான நடை என்னும் சேர்க்கைதான் மோட்டாருக்குக் கடினம். பெரியப்பாவைச் சற்று வேகமாக நடக்கச் சொல்வது மரியாதைக்குறைவு ஆகாது.

சோதனை: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டின் அடியில், கால் விழும் நடுப்பகுதிவரை கையை நுழைத்துத் தடவுக. விரலில் வழவழப்பு ஒட்டினால் எண்ணெய் உண்டு. உலர்ந்த துணியைத் தொட்டதுபோல் இருந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

எந்த எண்ணெய் என்பதில் குடும்பங்கள் பிளவுபட்டுக் கிடக்கின்றன. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி அளவில் உறையத் தொடங்கும், ஏ.சி.யை அதற்கும் கீழே வைத்துத் தூங்கும் அறையில் விடியற்காலை பெல்ட்டுக்கு அடியில் வெண்ணெய் இருக்கும். நல்லெண்ணெய் விளக்குக்கு உகந்தது. சூட்டில் நாளடைவில் பிசுபிசுத்துப் பசையாகும், எறும்பையும் அழைக்கும். தையல் மெஷின் எண்ணெய் பெட்ரோலிய வழி வந்தது. பெல்ட்டின் அடிப்பரப்பைக் கெடுக்கும். கிரீஸ் வைத்தவர்களைப் பற்றி இக்கட்டுரை பேச விரும்பவில்லை. சிலிகோன் ஆயில் ஒன்றே முடிந்த முடிபு. அதையும் தாராளமாக ஊற்றினால் உருளைக்குப் பரவி பெல்ட் வழுக்கும். மோட்டார் ஓட, பெல்ட் நிற்க, கால் மட்டும் முன்னே போக, ஆறாவது வகை நிற்றலோ என்று ஆய்வாளர் மயங்க நேரும். வழுக்கினால் பின்னாலுள்ள இரு போல்ட்டுகளையும் அலென் கீயால் ஒரேயளவு, கால் சுற்று மட்டும் முறுக்கலாம். பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கினால் மூன்று விரல் புக வேண்டும். வீணை நரம்புபோல் முறுக்கியவர்கள் உராய்வை மீண்டும் அழைத்து வந்தவர்களே.

பிற வகைகள்

ஆள் ஏறாமலே, ஓடத்தொடங்கிய சில நொடிகளில் நிற்பது சென்சார் நோய். மோட்டார் சக்கரத்திலோ முன் உருளையிலோ சிறு காந்தம் ஒட்டியிருக்கும். அது சுற்றிவரும்போதெல்லாம் எதிரேயுள்ள சென்சார் எண்ணிச் சொல்லும். காந்தம் விழுந்தாலோ, சென்சார் விலகினாலோ, நடுவே பஞ்சு அடைத்தாலோ எண்ணிக்கை போகாது. மோட்டார் கட்டுக்கு அடங்காமல் ஓடுகிறதோ என்று அஞ்சிப் போர்டு நிறுத்திவிடும். நிற்குமுன் திடீரென வேகம் எகிறுவதும் உண்டு. ஓடவேயில்லை என்று நினைத்துப் போர்டு கூடுதலாக விடுவதால் வருவது அது. துடைத்து, நகர்த்தி வைத்தால் பல சமயம் சரியாகும்.

குலுங்கினால் நிற்பது ஒயர் நோய். மடக்கும் வகைப் பொறியில் திரைக்குப் போகும் கேபிள் நிமிர்ந்த குழாய்க்குள் செல்கிறது; ஒவ்வொரு மடிப்பிலும் நசுங்குகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடலைப் பார்த்த பால்கனியில் வைத்தவர்களுக்கு உப்புக்காற்று இணைப்புகளில் பச்சை பூக்கச் செய்யும். சிவப்புப் பாதுகாப்புச் சாவியும் இவ்வகையில் அடங்கும். அதனுள் இருப்பது வெறும் காந்தம் என்று கண்டுபிடித்த குடும்பங்கள், சாவி தொலைந்தபின் ஃபிரிட்ஜில் ஒட்டிய ஊட்டி நினைவுக் காந்தத்தை அவ்விடத்தில் வைத்து ஓட்டுவதைக் காண்கிறோம். பொறி ஏமாறும். கயிறு இல்லாததால், ஆள் விழுந்தாலும் ஊட்டி அங்கேயே இருக்கும். பெல்ட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். புதுச் சாவி வாங்குக.

இருபது நிமிடம் கழித்து நிற்பது பெரும்பாலும் சூடு: மூடிக்குள் தூசியும் முடியும் அடைந்திருக்கும், அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து தீப்பொறி பறக்கும். ஆறியபின் தானாக ஓடுவது இதன் அடையாளம்.

வீட்டையே இருட்டாக்குவதில் எம்.சி.பி. விழுந்ததா ஆர்.சி.சி.பி. விழுந்ததா என்று பார்க்க. முன்னது மின்சாரம் மிகுந்தது. பின்னது மின்சாரம் கசிந்தது. கசிவென்றால் உடனே எலெக்ட்ரீஷியன். இதில் ஆராய்ச்சிக்கு இடமில்லை.

பல்லியைத் தனியே சொல்ல வேண்டும். கதகதப்பை நாடி முன்மூடிக்குள் குடியேறும் பல்லி, போர்டின் இரு முனைகளை ஒருசேரத் தொடும் நாள் வருகிறது. தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் வகுத்துச் சொல்கிறது. மோட்டார் கன்ட்ரோல் போர்டில் விழுந்தால் என்ன என்பதற்கு அட்டவணையில் இடம் இல்லை. நாம் கண்ட பலன்: பல்லிக்கு மரணம், உடையவர்க்குப் பொருள்நாசம். சடலத்தை அகற்ற விரைவோர் கவனிக்க: பிளக்கைப் பிடுங்கியபின்னும் பல போர்டுகளின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் சற்று நேரம் தங்கியிருக்கும். சில நிமிடம் பொறுத்தே மூடியைத் திறக்க வேண்டும். ஒரு பலன் போதும்.

கடைசியாக ஓர் அரிய வகை. சரியாக 30-ஆவது நிமிடம், நாள் தவறாமல் நிற்கும் பொறி. வோல்ட்டேஜ் சரி, எண்ணெய் உண்டு, சென்சார் சுத்தம், பல்லி இல்லை. ஸ்டெபிலைசர் வாங்கியாயிற்று, மாமனார் மனம் குளிர்ந்தாயிற்று. பொறி அசையவில்லை. மெக்கானிக் வந்து திரையைப் பார்க்கிறார். “டைமர் முப்பதுல செட் ஆயிருக்கு சார்” என்று ஒரு பொத்தானை அழுத்திச் சரிசெய்து, காபி குடித்து, விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு கிளம்பினார் என்பது பலரும் ஏற்கும் பாடம். லிஃப்ட் வரும்வரை நின்றவர், “எதுக்கும் போர்ட ஒரு தடவ மாத்திடலாம் சார்” என்று சொன்னதாகவும் ஒரு பாடபேதம் உண்டு.