ஒழுகலும் ஒழுக்கமும்: ஒரு மொட்டை மாடியை முன்வைத்து

'ஒழுகு' என்ற வினையடிக்குத் தமிழில் இரட்டை உத்தியோகம். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டினால் வீடு ஒழுகுகிறது என்கிறோம். ஒரு மனிதர் நெறி பிசகாமல் நடந்தால் அறவழியில் ஒழுகுகிறார் என்கிறோம். ஒழுக்கம் என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். ஒரே அடியிலிருந்து ஒரு சாபமும் ஒரு பாராட்டும் எப்படிக் கிளைத்தன என்று அகராதியில் தேடிப் பயனில்லை. விடை மொட்டை மாடியில் கிடக்கிறது. மாடி ஒழுகும்போதுதான் மேஸ்திரியின் ஒழுக்கம் தெரியவரும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆய்வுக்களம், தாம்பரத்துக்குப் பக்கத்தில் 1998-ல் கட்டி முடித்த ஒரு வீடு. தளம் ஆயிரம் சதுர அடி. ஆய்வுக் காலம் 2015 டிசம்பர் முதல் 2022 ஐப்பசி வரை. கருவிகள்: பிளாஸ்டிக் வாளி இரண்டு, இட்லிக் குண்டான் ஒன்று. ஆய்வு நெறியாளர் என் மனைவி. ஆய்வாளர் நான், செலவும் என்னுடையது.

முதலில் நீரின் அளவைச் சொல்லிவிட வேண்டும். ஆயிரம் சதுர அடியில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 929 லிட்டர். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். அதாவது 45,500 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஏறக்குறைய நாலு, என் தலைக்கு மேல் வந்து நின்று திறந்துவிட்ட கணக்கு. அதில் சுமார் இரண்டு வாளி மட்டும் படுக்கையறை ஃபேன் வழியாக உள்ளே வந்தது. விழுக்காட்டில் பார்த்தால் தளம் மிகச் சிறப்பாகத்தான் வேலை செய்திருக்கிறது. நெறியாளரிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது அவர் அதை ஏற்கவில்லை.

முன்னோர் ஆய்வையும் கொஞ்சம் பார்க்கலாம். மேஸ்திரியை நம்புவது எப்படி என்ற கேள்விக்கு வயது நாலாயிரத்தை நெருங்குகிறது. பாபிலோனை ஆண்ட ஹம்முராபி, கருங்கல்லில் செதுக்கி வைத்த சட்டத்தில் இதற்கென்றே சில பிரிவுகள் ஒதுக்கினான். கூலி, ஒரு 'சார்' பரப்புக்கு 2 ஷெக்கல் வெள்ளி. சார் என்பது நம் கணக்கில் 390 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, சதுர அடி ரேட் என்பது நேற்று வந்ததல்ல. சுவர் சாய்கிற மாதிரி இருந்தால் கட்டியவன் சொந்தக் காசில் பலப்படுத்தித் தர வேண்டும். வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை. இவ்வளவு கறாரான அரசன், தளம் ஒழுகினால் என்ன என்று தனியாக ஒரு பிரிவு வைக்கவில்லை. பாபிலோனில் மழை குறைவு. ஐப்பசியில் ஒரு வாரம் தாம்பரத்தில் வந்து தங்கியிருந்தால் இன்னொரு கல் செதுக்கியிருப்பான்.

நம் பக்கத்துப் பழைய முறை வேறு. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளின் 'மெட்ராஸ் டெரஸ்' தளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தேக்குச் சட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்கோணத்தில் குத்துக்கல்லாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். எதுவரை அடிப்பது? கட்டை பதியாமல் துள்ளித் திரும்பும்வரை. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தக் காலத்தில் உத்தரவாதத்தை யாரும் வாயால் கொடுக்கவில்லை என்பது. கட்டை கொடுத்தது.

நம் காலத்துக்கு வருவோம்.

முதல் மேஸ்திரி 2016 ஆனி மாதம் வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு போன். மாடிக்கு ஏறவில்லை, கீழே நின்று அண்ணாந்து பார்த்தே "தட்டோடு முழுக்கப் பேத்துட்டு சுருக்கி புதுசா போடணும் சார்" என்றார். நோயாளியைத் தெருவில் நிறுத்தி மருந்து எழுதும் வைத்தியர்போல. அட்வான்ஸ் முப்பதாயிரம் வாங்கிக்கொண்டு, தீபாவளிக்கு முன்னால் முடித்துவிடுவதாகச் சொல்லிப் போனார். அதன்பின் எங்கள் உறவு முழுக்க முழுக்க மொழி சார்ந்ததாகிவிட்டது.

அந்த மொழியைத் தனியே ஆராய வேண்டும். நன்னூல், காலம் மயங்கி வருவதை நாலு காரணங்களுக்காக மன்னிக்கிறது: விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு. சாப்பிட உட்கார்ந்திருப்பவன் வாசலில் நண்பன் கூப்பிட்டால் "இதோ வந்துட்டேன்" என்பான். வரவில்லை, ஆனால் வரும் வேகத்தைக் காட்டுவதால் அது வழுவமைதி. மேஸ்திரியும் இறந்தகாலத்தில்தான் பேசினார். "ஆள் கிளம்பிட்டான் சார்." "ஜல்லி இறங்கிருச்சு சார்." எங்கே இறங்கியது என்று சொல்லவில்லை. பவணந்தியார் சொன்ன நாலில் எதிலும் இது அடங்காததால், ஐந்தாவதாக 'அட்வான்ஸ்' என்ற காரணத்தைச் சேர்க்குமாறு இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. 'நாளைக்கு' என்ற சொல்லுக்கும் உரை தேவைப்படுகிறது. மேஸ்திரி வழக்கில் அது காலத்தைக் குறிக்காது. 'இன்றைக்கு இல்லை' என்பது மட்டுமே அதன் பொருள்.

திணை அடிப்படையில் இது முல்லை. கார்காலம் தொடங்குமுன் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போன தலைவன். மேகம் திரண்டும் வராத ஏக்கம். "இது கார்காலமே இல்லை, காலம் தப்பிப் பெய்கிற மழை, மேகம் ஏமாற்றுகிறது" என்று ஆறுதல் சொல்லும் தோழி. எங்கள் வீட்டுத் தோழி எதிர்வீட்டுக்காரர், பொதுப்பணித்துறையில் ஓய்வு பெற்றவர். புரட்டாசியில் இடி இடித்தபோது அவர்தான் சொன்னார்: "பயப்படாதீங்க சார், இது வெறும் வெப்பச்சலனம். பருவமழை இன்னும் ஆரம்பிக்கலை." ஈராயிரம் ஆண்டுகளில் ஆறுதல் மாறவில்லை, கலைச்சொல்தான் மாறியிருக்கிறது. டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. மேஸ்திரி வரவில்லை.

இரண்டாமவர் மைத்துனர் சிபாரிசு. உறவுக்குள் வந்த மேஸ்திரியிடம் பேரம் பேசவும் முடியாது, திட்டவும் முடியாது என்பதைத் தவிர அவரால் ஆய்வுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. சிமெண்டுப் பாலை மாடி முழுக்க ஊற்றித் தேய்த்துவிட்டுப் போனார்.

மூன்றாவது, கம்பெனி. 2018 கோடையில் காலர் வைத்த டீ-ஷர்ட் பையன் ஒருவன் வந்து, டேப்லெட்டில் படம் காட்டி, இரண்டு கோட் கெமிக்கலுக்குச் சதுர அடி 55 ரூபாய் என்றான். பத்து வருட வாரண்டி, பளபள அட்டையில். நான் அந்த அட்டையைப் பூஜை அலமாரியில் வைத்தேன். இதில் ஒரு உண்மையை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும்: அந்தப் பூச்சு 2019 கோடையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அந்த வருடம் சென்னையின் ஏரிகளே வறண்டு, ஊரே குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தது என்பது வேறு விஷயம்.

2021 நவம்பரில் ஃபேன் மறுபடியும் சொட்டத் தொடங்கியது. வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். கட்டடத்தில் விரிசல் இருந்தால் பொருந்தாது. தண்ணீர் தேங்கினால் பொருந்தாது. இயற்கைச் சீற்றத்தால் வரும் பாதிப்புக்குப் பொருந்தாது. வெயில் காலத்துக்குக் குடை விற்றிருக்கிறார்கள்! கைச்செலவில் நான் கற்ற ஒன்றை இங்கே இடைச்செருகுகிறேன். பூச்சு வேலை நடக்கும்போது டப்பாவை நம் கண்முன் உடைக்கச் சொல்ல வேண்டும். காலி டப்பாக்களை வேலை முடியும்வரை வீட்டிலேயே வைத்து எண்ண வேண்டும். எங்கள் மாடிக்கு எழுதிய பில்லில் டப்பா ஆறு. மாடிப்படிக்குக் கீழே கிடந்தது நாலு.

நான்காமவரைக் கண்டுபிடித்தது நெறியாளர். முறையியல் எளிது. மழை பெய்துகொண்டிருக்கும்போது பக்கத்துத் தெருக்களில் நடந்துபோய், ஒழுகாத பழைய வீடு எது என்று விசாரித்து, அதற்கு மூன்று வருடத்துக்கு முன்னால் வேலை செய்தவர் யார் என்று கேட்டிருக்கிறார். மேஸ்திரிகள் காட்டும் போன வாரத்து வேலையைப் போய்ப் பார்ப்பதில் பொருளில்லை. போன வாரம் பூசியது எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

2022 சித்திரையில் அவர் வந்தார். லுங்கி, தோளில் துண்டு, ஐம்பதைத் தாண்டிய வயது. ரேட் பேசவில்லை. "மாடிக்குப் போலாமா சார்? ஒரு வாளி தண்ணி எடுத்துக்குங்க" என்றார்.

அடுத்து நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாளித் தண்ணீரை மாடியின் மேட்டுப் பக்கம் மெதுவாகச் சாய்த்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். தண்ணீர் போகிற வழியைத்தான் பார்த்தார், வேறு எதையும் பார்க்கவில்லை. நூறு அடிக்கு ஒரு அடி, அதாவது பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வாட்டம் இருக்க வேண்டும். எங்கள் மாடியில் தண்ணீர் பாதிதூரம் ஒழுங்காக வந்து, கம்பெனிப் பூச்சு தடித்திருந்த இடத்தில் யோசித்து நின்றது. மழைநீர்க் குழாயின் வாயில் கைவிட்டு வேப்பிலைச் சகதியையும், ஒரு பழைய இறகுப்பந்தையும் வெளியே எடுத்துப் போட்டார். பிறகு கரணையைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் தட்டோடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே தவளை நடையில் நகர்ந்தார். டங், டங், டங். ஒரு மூலையில் டொக். "இங்க பொக்கா இருக்கு" என்றார். அந்த மூலையில் நின்றது டிஷ் ஆன்டெனாவின் கால்.

"இது யார் சார் போட்டது?"

நான்தான். 2011-ல் உலகக் கோப்பை பார்க்க அவசரமாகப் போட்டது. வந்த பையன் தளத்தில் நாலு ஓட்டை துளைத்து போல்ட் முறுக்கிவிட்டுப் போனான். போல்ட் துருப்பிடித்து உப்பியது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது சுற்றியிருந்த கலவையைப் பிளந்தது. அந்தப் பிளவில் இறங்கிய தண்ணீர், தளத்துக்குள் புதைத்திருந்த கரண்ட் பைப்பைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு அடி பயணம் செய்து, படுக்கையறை ஃபேன் கொக்கியில் வெளிவந்திருக்கிறது. சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே இரண்டு பேர் பூசியிருக்கிறார்கள். நான் பணம் கொடுத்திருக்கிறேன்.

"சார், தண்ணி உள்ள போற இடம் ஒண்ணு, வெளிய வர்ற இடம் ஒண்ணு" என்றார் அவர். வாரண்டி அட்டையை எடுத்து அந்த இடத்தில் இந்த வாக்கியத்தை வைக்கலாம் என்று தோன்றியது. வைக்கவில்லை.

மொத்த மாடிக்கும் என்ன ஆகும் என்று நானே கேட்டேன். மொத்தமும் வேண்டாம் என்றார். அந்த மூலையையும், தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் ஓரங்களையும் பேர்த்து உருட்டிப் பூசினால் போதும், வாட்டம் நின்ற இடத்தில் மட்டும் சரி செய்யலாம். தன் வரும்படியைத் தானே குறைத்துச் சொன்ன மேஸ்திரி என்ற இந்த அரிய தரவுக்கு முன் எந்தக் கருதுகோளும் தயாராக இல்லை. நெறியாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கூலியையும் மூன்று தவணையாக அவரே பிரித்தார். பொருளுக்கு ஒரு பங்கு, வேலை முடிந்ததும் ஒரு பங்கு, கடைசிப் பங்கு தண்ணி கட்டிப் பார்த்த பிறகு. வேலை முடிந்து, பூச்சு ஏழு நாள் நனைந்து இறுகியதும், ஓரங்களில் கலவையால் சின்னக் கரை எடுத்து, குழாய் வாயைச் சாக்கால் அடைத்து, மாடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தினார். நாற்பத்தெட்டு மணி நேரம். அந்த இரண்டு ராத்திரியும் நாங்கள் ஃபேனுக்குக் கீழே வாளியை வைத்துக்கொண்டு, திருடனுக்குக் காத்திருப்பவர்கள்போலப் படுத்திருந்தோம். மாடியில் ஒரு காக்கா குளித்த சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. காலையில் வாளி காய்ந்திருந்தது.

கேரண்டி எத்தனை வருஷம் என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன். "மழை பெய்யட்டும், வந்து பாக்கறேன் சார்" என்றார். இதையும் முல்லைத்திணையில் சேர்த்துவிட்டு மறந்துவிட்டேன்.

ஐப்பசியில் முதல் பெருமழை விடிய விடியப் பெய்தது. காலை ஆறரைக்கு கேட் சத்தம் கேட்டது. போன் இல்லை, தகவல் இல்லை. ஒரு கம்பி ஒடிந்த குடைக்குக் கீழே அவர் நின்றிருந்தார். "ஒழுகுதா?" என்று கேட்டபடியே உள்ளே வந்து, படுக்கையறை ஃபேன் கொக்கியில் விரல் வைத்துப் பார்த்தார். விரலை எங்களிடம் காட்டினார். ஈரமில்லை.

நெறியாளர் காபி எடுத்துவரப் போனார். பின்னாலேயே போன மேஸ்திரி சமையலறை வாசலில் நின்றுவிட்டார். அலமாரிக்கு மேல் மூலையில், வெள்ளையடித்த சுவரில், உள்ளங்கை அளவு ஓதம்.

"இது எப்போலேருந்தும்மா?"

"போன வாரம்தான் பார்த்தேன்."

சுவரைத் தட்டினார். காது வைத்தார். "இது வேற கதை. பாத்ரூம் பைப்பா இருக்கும். நாளைக்கு வந்து பாத்துர்றேன்."

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நாளைக்குன்னா?" என்றாள் அவள்.

அவர் அந்தக் கேள்வியின் ஆழம் புரியாமல் கொஞ்சம் விழித்தார். "புதன்கிழமைம்மா," என்றார். "காலைல ஏழரைக்கு."