அடி வாங்கத் தெரிந்த வாய்

உடம்பை வைத்துப் பிழைக்கும் தொழிலில் வாயை வைத்துப் பெரிய ஆளானவர் பாபி ஹீனன். அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தில் மேனேஜர், பிறகு வர்ணனையாளர், பல வருடம் இரண்டும் ஒரே நேரத்தில். அவருக்கு ‘தி பிரெய்ன்’, அதாவது மூளை, என்று பட்டப்பெயர். மல்யுத்தத்தில் மூளை என்றால் போட்டி குறைவு என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், அவரும் அதைத்தான் விரும்பியிருப்பார்.

மல்யுத்தத்தில் மேனேஜருக்கு என்ன வேலை என்று என் மாமா ஒருமுறை கேட்டார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் தொழில் அக்கறை. சொன்னேன்: தன் ஆள் தோற்கப் போகிறான் என்று தெரிந்ததும் இவர் ரிங்கின் விளிம்பில் ஏறி நின்று நடுவரிடம் வம்பு வளர்ப்பார். நடுவர் ரிங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஞ்சாயத்துப் பேசும் நேரத்தில் உள்ளே ஒரு நாற்காலி எதிராளியின் தலையில் இறங்கும். நடுவர் திரும்பும்போது நாற்காலியும் இருக்காது, நியாயமும் இருக்காது. மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எங்க ஹெட் ஆபீஸ்லயும் இப்படித்தாண்டா ப்ரமோஷன் போட்டாங்க” என்றார்.

இது வெளியே தெரியும் வேலை. உள்ளே இருப்பது வியாபாரம். மலை மாதிரி உடம்பு இருக்கும் பலருக்கு மைக்கைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். டிக்கெட்டோ சண்டையால் விற்பதில்லை, சண்டைக்கு முந்தைய பேச்சால்தான் விற்கிறது. எனவே பேச ஓர் ஆள் வேண்டும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வில்லன் வாராவாரம் நாயகனிடம் உதை வாங்கினால் மூன்றாவது வாரமே செல்லாக்காசாகிவிடுவான். மேனேஜருக்கு அந்தக் கவலை இல்லை. அவரை எத்தனை முறை வேண்டுமானாலும் துவைக்கலாம். மக்கள் கைதட்டி வீட்டுக்குப் போவார்கள், வில்லனின் மரியாதை அப்படியே இருக்கும். ஹீனன் வில்லன்களின் மானத்துக்கு இன்சூரன்ஸ்.

1944இல் சிகாகோவில் பிறந்தவர், இயற்பெயர் ரேமண்ட் ஹீனன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அம்மாவுக்கும் பாட்டிக்கும் சோறு போட வேண்டியிருந்தது. மல்யுத்தக்காரர்களின் பெட்டி தூக்கினார், கோட்டு வாங்கி வைத்தார், அரங்கில் தின்பண்டம் விற்றார். 1965இல் இண்டியானாபொலிஸில் ‘பிரெட்டி பாய்’ என்ற பெயரோடு ரிங்குக்குள்ளேயே போய்விட்டார். அழகனாம். மல்யுத்தத்தில் ஒருவன் தன்னை அழகன் என்று சொல்லிக்கொண்டால் அவன் வில்லன் என்று அர்த்தம்.

எழுபதுகளில் மினியாபொலிஸ் பக்கம் போய் நிக் பாக்விங்கல் என்ற சாம்பியனுக்கு மேனேஜரானார். பாக்விங்கலோ பேச்சில் மன்னர், அகராதியைப் புரட்டினால்தான் புரியும்படி பேசுகிறவர். அவருக்கு எதற்கு ஒரு வாய்? அங்கேதான் ஹீனனின் இன்னொரு திறமை. அவர் தாமே ரிங்கில் இறங்கிய மல்யுத்தக்காரர். ஒரு குத்துக்கு மூன்று குட்டிக்கரணம் போடுவார், கயிற்றில் தலைகீழாகச் சிக்குவார், கம்பத்தில் மோதி முகம் முழுக்க ரத்தத்தோடு எழுந்திருப்பார். வெறும் வாய்ச்சவடால் பேர்வழி என்று நினைத்துப் பார்க்க வந்தவர்களுக்கு அவர் விழும் அழகுதான் போனஸ்.

அவர் எவ்வளவு வெறுக்கப்பட்டார் என்பதற்கு ஒரு கதை போதும். சிகாகோவில், அவருடைய சொந்த ஊரில், ஒரு ரசிகர் ஆத்திரம் தாங்காமல் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டார். ஹீனனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் இருந்த பார்வையாளர்கள்தான் காயப்பட்டார்கள். நம் ஊரில் எழுதுகிறவனுக்கு அதிகபட்சம் ஒரு காட்டமான கடிதம் வரும். அதற்கே நான் ராத்திரி தூங்குவதில்லை.

மேனேஜராக அடி வாங்குவதில் எனக்கும் சொந்த அனுபவம் உண்டு. கேபிள் டிவி வந்த புதிதில் எங்கள் தெருப் பையன்கள் எல்லோரும் மொட்டை மாடியில் பழைய மெத்தையைப் போட்டு ஹல்க் ஹோகனாகவும் அண்டர்டேக்கராகவும் மாறினார்கள். என் உடம்புக்கு அந்தப் பாத்திரங்கள் பொருந்தவில்லை, காற்று பலமாக அடித்தால் பொருந்துவதற்கு உடம்பே இருக்காது. ஆகவே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்று கத்தும் உத்தியோகத்தை எடுத்துக்கொண்டேன். சண்டை முடிந்ததும் ஜெயித்தவனும் தோற்றவனும் ஒற்றுமையாகச் சேர்ந்து என்னை அடிப்பார்கள். இது என்ன அநியாயம் என்று அப்போது அழுதிருக்கிறேன். பிறகு ஹீனனின் பழைய வீடியோக்களைப் பார்த்தபோதுதான் அது அநியாயம் இல்லை, பணி விதி என்று தெரிந்தது.

1984இல் டபிள்யூடபிள்யூஎஃப் என்ற மல்யுத்த நிறுவனம் ஹீனனை அழைத்துக்கொண்டது. ஹோகன் கொடிகட்டிப் பறந்த காலம். ஹோகனை வீழ்த்த ஹீனன் வரிசையாக ராட்சதர்களைக் கூட்டி வந்தார்: பிக் ஜான் ஸ்டட், கிங் காங் பண்டி, கடைசியில் ஆண்ட்ரே தி ஜயன்ட். ஒருவரும் ஹோகனிடமிருந்து பட்டத்தைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுக்கவில்லை. 1989இல், வருடாந்திரப் பெருவிழாவான ரெசில்மேனியா ஐந்தில், ரிக் ரூட் என்ற இவருடைய ஆள் இன்டர்கான்டினென்டல் பட்டம் வாங்கியதுதான் அந்த நிறுவனத்தில் ஹீனன் கண்ட முதல் பட்டம். அதுவும் எப்படி? எதிராளி அல்டிமேட் வாரியரின் காலை இவர் ரிங்குக்கு வெளியிலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டதால். ஐந்து வருடம் கையில் ஒரு பட்டம்கூட இல்லாமல் ‘மூளை’ என்ற பெயரைக் காப்பாற்றி வைத்திருந்த நிர்வாகத் திறமையை எந்த மேலாண்மைக் கல்லூரியாவது பாடமாக வைக்க வேண்டும்.

ஆண்ட்ரே விஷயம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. 1987 மார்ச் 29, மிஷிகன் மாநிலத்தின் பான்டியாக் சில்வர்டோம் அரங்கு. கூட்டம் 93,173 என்று அறிவித்தார்கள். அந்த எண் சரிதானா என்று இன்றும் சிலர் மல்லுக்கட்டுகிறார்கள். மல்யுத்தத்தில் மற்றதையெல்லாம் நம்பிவிட்டு இந்தக் கணக்கில் மட்டும் உண்மை தேடுகிறவர்களை நான் வணங்குகிறேன். ஆண்ட்ரே அப்போது முதுகு வலியால் நடக்கவே சிரமப்பட்டார். ஊருக்கே செல்லமான ராட்சதர் ஏன் திடீரென்று நண்பன் ஹோகனுக்கு எதிரியானார் என்று மக்களை நம்பவைக்க வேண்டிய வேலை முழுக்க ஹீனன் தலையில். ஆண்ட்ரே பக்கத்தில் மௌனமாக முறைத்துக்கொண்டு நிற்க, இவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். அன்று ஹோகன் ஆண்ட்ரேயைத் தூக்கிப் போட்டது சரித்திரம், போஸ்டர், டீ-ஷர்ட். பளபளக்கும் வெள்ளை உடையில் வந்த ஹீனனுக்குக் கிடைத்தது, திரும்பும் வண்டியில் தலைமேல் விழுந்த குப்பை.

அதைவிடக் கேவலம் ‘வீசல்’ உடை. வீசல் என்பது கீரி சாயலில் இருக்கும் ஒரு பிராணி. அவர் எங்கே போனாலும் கூட்டம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கத்தும். வாரியரோடு சண்டை, தோற்றால் அந்தப் பிராணியின் உடையைப் போட வேண்டும் என்று பந்தயம். வாரியர் கழுத்தை அமுக்கி அவரை மயக்கிவிட்டு உடையை மாட்டிவிடுவார். கண் விழித்தவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. மெதுவாகக் கையைப் பார்ப்பார், வாலைப் பார்ப்பார், பிறகு தன்னைத்தானே உதறிக்கொண்டு தரையில் உருளுவார். ஒரு வார்த்தை பேசாமல் அரங்கையே சிரிக்கவைத்த வாயாடி அவர் ஒருவர்தான்.

இனி வர்ணனை. கழுத்தில் ஏற்பட்ட காயங்கள் அவரை ரிங் ஓரத்திலிருந்து மேசைக்கு நகர்த்தின. அங்கே ஜோடி கொரில்லா மன்சூன், முன்னாள் மல்யுத்தக்காரர், மலை உடம்பு, நேர்மையின் குரல். மன்சூன் நடப்பதைச் சொல்வார். ஹீனன் நடந்ததே நடக்கவில்லை என்பார். கண்ணில் விரலை விட்டவனை, எதிராளியின் பார்வையைப் பரிசோதித்தான் என்று வாதாடும் ரகம். மன்சூன் பொறுமை இழந்து அதட்டுவார். ஹீனன் கொஞ்சம் அடங்குவார், அடுத்த நிமிடம் மறுபடி தொடங்குவார். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனும் இந்த இனம்தான்: ராஜாவை வாழ்த்தி வரவேற்பான், அதே மூச்சில் காலை வாரிவிடுவான்.

நடுநிலை வர்ணனையாளர்கள் எனக்கு ஒத்துவருவதில்லை. கிரிக்கெட்டில் இரண்டு அணியும் நன்றாக ஆடியதாகச் சொல்கிறவரிடம் எனக்குத் தெரிய வேண்டியது எதுவும் இல்லை. ஹீனனிடம் ஒளிவுமறைவு கிடையாது, அவர் வில்லன் பக்கம். 1992 ஜனவரியில் நடந்த ராயல் ரம்பிளில் இது உச்சத்துக்குப் போனது. முப்பது பேர் ஒவ்வொருவராக ரிங்குக்குள் வருவார்கள், கடைசியில் மிஞ்சுகிறவருக்கு உலகப் பட்டம். ஹீனனின் ஆள் ரிக் ஃப்ளேர் மூன்றாவதாகவே வந்து தொலைத்தார். ஒரு மணி நேரம் அத்தனை பேரிடமும் அடி வாங்கிக்கொண்டு தாக்குப்பிடிக்க வேண்டும். வர்ணனை மேசையில் ஹீனனுக்குக் கிட்டத்தட்ட மாரடைப்பு. கில்ட் (பாவாடை போன்ற ஸ்காட்லாந்து ஆண் உடை) கட்டி வந்த ராடி பைப்பர் தற்செயலாக ஃப்ளேரைக் காப்பாற்றியதும் ஹீனன் உருகிவிட்டார்: அது பாவாடையே இல்லை, கில்ட், இனிமேல் தவறாகச் சொல்லவே மாட்டேன் என்று. அடுத்த நொடி பைப்பர் திரும்பி ஃப்ளேரையே அடிக்க, கில்ட் மறுபடி பாவாடையாகிவிட்டது. ஃப்ளேர் ஜெயித்தார். என்னைக் கேட்டால் பாதிப் பட்டம் ஹீனனுக்குச் சேர வேண்டும்.

1993 டிசம்பரில் அவர் அந்த நிறுவனத்தை விட்டுக் கிளம்பினார். கதைப்படி மன்சூன் அவரைப் பெட்டி படுக்கையோடு வெளியே தள்ளினார். நிகழ்ச்சி முடிந்தபின் இருவரும் அழுதார்கள் என்று ஹீனன் பின்னாளில் சொன்னார். அடுத்துப் போன டபிள்யூசிடபிள்யூ என்ற போட்டி நிறுவனத்தில் சம்பளம் நன்றாக இருந்தது, மன்சூன் இல்லை. அந்த வருடங்களைப் பற்றி எழுத எனக்கும் உற்சாகம் இல்லை.

ஒரு ராத்திரி மட்டும் விதிவிலக்கு. 1996 ஜூலையில் டேடோனா பீச்சில், நல்லவர்களைக் காப்பாற்ற ஹோகன் ரிங்கை நோக்கி நடந்து வருகிறார். அரங்கமே ஆர்ப்பரிக்கிறது. ஹீனன் மட்டும், இவர் எந்தப் பக்கம் என்று சந்தேகம் கிளப்பினார். சில நொடியில் ஹோகன் வில்லனாக மாறினார். ரகசியத்தை முன்கூட்டி உளறிவிட்டார் என்று இன்றும் ரசிகர்கள் அவரைத் திட்டுகிறார்கள். அபத்தம். பன்னிரண்டு வருடமாக ஹோகன் போலி என்று நாள் தவறாமல் சொல்லி வந்த மனிதர் அன்று மட்டும் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பார்?

1999 அக்டோபரில் மன்சூன் இறந்தபோது, போட்டி நிறுவனத்தின் ஒளிபரப்பில் உட்கார்ந்திருந்த ஹீனன் நேரலையிலேயே நண்பருக்கு விடைகொடுத்தார். 2002இல் அவருக்குத் தொண்டைப் புற்றுநோய் என்று தெரிந்தது. பின்வந்த வருடங்களில் தாடையில் அறுவை சிகிச்சைகள், கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சும் போனது. 2004இல் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் குரல் தேய்ந்த நிலையிலும் கூடத்தை வயிறு வலிக்கச் சிரிக்கவைத்துவிட்டு, முடிக்கும்போது, மன்சூன் இங்கே இருந்திருக்கலாமே என்றார். 2017 செப்டம்பர் 17 அன்று தமது 72ஆம் வயதில் இறந்தார்.

முடிந்தால் அந்த 1992 ராயல் ரம்பிளைத் தேடிக் கேளுங்கள். திரையைப் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை, ஆங்கிலம் பாதி புரிந்தாலும் போதும். ரிக் ஃப்ளேர் யார் என்றே உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் அந்த அயோக்கியன் எப்படியாவது ஜெயிக்க வேண்டுமே என்று நீங்களும் கவலைப்படத் தொடங்கிவிடுவீர்கள்.