ஐந்நூறு பவுண்டு சமத்துவம்

இங்கிலாந்தில் ஏற்றத்தாழ்வை ஒழிக்க ஆசைப்படும் சிறு சங்கங்கள் உள்ளூர் கவுன்சிலிடம் மானியம் கேட்கலாம். ஐந்நூறோ ஆயிரமோ பவுண்டு கிடைக்கும். அதற்கு முன் சில சடங்குகள். சங்கத்துக்கு எழுதிவைத்த விதிமுறை வேண்டும். வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து. அந்த இருவர் புருஷன் பெண்டாட்டியாக இருக்கக் கூடாது. சமத்துவக் கொள்கை, குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை, பொதுப் பொறுப்புக் காப்பீடு. (மானியத்தில் ஒரு பங்கு காப்பீட்டுக்கே சரி.) தேவாலயக் கூடத்தில் வாரம் ஒருநாள் சூப் ஊற்றும் அம்மாள், ‘ஏற்படும் மாற்றத்தை எப்படி அளப்பீர்கள்?’ என்ற கட்டத்தையும் நிரப்பியாக வேண்டும். கரண்டியால் என்று எழுதினால் செல்லாது.

பயனாளிகளுக்கும் டிக் கட்டங்கள் உண்டு. 2010 சமத்துவச் சட்டம் வயது, இனம், மதம் என்று ஒன்பது தன்மைகளைக் காக்கிறது. வறுமை அதில் சேர்த்தியில்லை. ஏழைகளையும் கணக்கில் எடுங்கள் என்று அதே சட்டத்தின் முதல் பிரிவே சொல்கிறது. ஆனால் அந்த ஆண்டே வந்த புதிய அரசு அதைப் பரணில் போட்டது. ஸ்காட்லாந்து 2018-இலும் வேல்ஸ் 2021-இலும் தங்கள் பங்குக்கு அதைத் தூசி தட்டி எடுத்தன.

2023 செப்டம்பரில் பர்மிங்காம் கவுன்சிலே பணமில்லை என்று கையை விரித்தது. சொன்ன காரணங்களில் பெரியது பெண் ஊழியர்களுக்குத் தர வேண்டிய சம ஊதியப் பாக்கி. அப்போதைய மதிப்பீடு 65 கோடி முதல் 76 கோடி பவுண்டு. அங்கே வேலை பார்த்த பெண்கள் மானியப் படிவம் வாங்கவில்லை. வழக்குப் போட்டு, 2012-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்திருந்தார்கள்.