ஊதாரி மகனும் மடக்கு நாற்காலியும்

ஏதென்ஸில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை விட்டெறிந்தால் அது யோர்கோஸ் என்ற பெயருள்ள ஒருவர் தலையில்தான் விழும். இந்தக் கதைக்குரியவருக்கும் அந்தப் பெயரையே வைத்துக்கொள்வோம். வயது நாற்பத்தைந்து. கட்டட வரைபடம் போட்டுப் பிழைப்பவர். குழந்தையில் மூன்று முறை தண்ணீரில் முக்கி எடுத்து ஞானஸ்நானம் கொடுக்கப்பட்ட, அசல் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். தேவாலயப் பக்கம் தலைவைத்துப் படுத்தே இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பிரிவுக்குக் காரணம் கேட்டால் அரசியல் என்பார். 2000-ல் கிரேக்க அரசு அடையாள அட்டையிலிருந்து ‘மதம்’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டது. திருச்சபை கொதித்தெழுந்தது, எதிர்ப்பு மனுவில் முப்பது லட்சம் பேர் கையெழுத்துப் போட்டதாகக் கணக்குச் சொன்னது. அம்மா போட்டார். கல்லூரி மாணவரான மகன் போடவில்லை. அதெல்லாம் சரிதான். ஆனால் உண்மைக் காரணம் வேறு: ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து மணி வரை தூங்குவது சுகமாக இருந்தது. கொள்கை பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

திரும்பிப் போனதற்கும் தத்துவக் காரணம் எதுவும் இல்லை. அம்மா காலமானார். நாற்பதாம் நாள் நினைவு வழிபாடு, 2024 பிப்ரவரி 25. மூன்று குடும்பங்களுக்குச் சேர்த்து நடந்ததால் நல்ல கூட்டம். முடிவில் எல்லோருக்கும் சிறு காகிதப் பையில் கோலிவா கொடுத்தார்கள். அவித்த கோதுமையில் சர்க்கரை, மாதுளை முத்து, பாதாம் கலந்தது. செத்தவர்களின் பேரில் சாப்பிடுகிற பண்டம் இத்தனை ருசியாக இருக்கக் கூடாது. பாதியைத் தின்று மீதியைக் கோட்டுப் பையில் திணித்தவர், ஒரு வாரம் கழித்துச் சாவியைத் துழாவியபோது விரலில் சர்க்கரை ஒட்டிய கோதுமை மணிகள் நெருடின. அன்றும் ஞாயிறு. சாவியை எடுத்துக்கொண்டு தேவாலயத்துக்கே போய்விட்டார்.

வழியெல்லாம் ஒரே ஒத்திகை. “இருபது வருஷம் எங்கே போயிருந்தாய்?” என்று பாதிரியார் கேட்டால் சொல்வதற்கு மூன்று பதில்கள் தயார் செய்திருந்தார். ஒன்று பணிவானது, ஒன்று தத்துவார்த்தமானது, மூன்றாவது கொஞ்சம் சண்டைக்கு இழுப்பது. யாரும் கேட்கவில்லை. ஆனால் உள்ளே நுழைந்து சற்று நேரத்தில் வாசிக்கப்பட்ட சுவிசேஷம், லூக்கா பதினைந்தாம் அதிகாரம்: அப்பன் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு ஊரை விட்டு ஓடி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பி வந்த ஊதாரி மகன். யோர்கோஸுக்கு வியர்த்துவிட்டது. யார் போட்டுக் கொடுத்தது? ஒருவரும் இல்லை. நோன்புக்கு முந்தைய வாரங்களில் இந்தக் கதைக்கென்றே ஒரு ஞாயிறு உண்டு. வருஷா வருஷம் வாசிப்பார்கள். இவர் வந்து விழுந்த நாள் அது.

பதற்றத்தில் பக்கத்திலிருந்த ஸ்டாசிடியில் சாய்ந்தார். ஸ்டாசிடி என்பது சுவரோரம் நிற்கும் உயரமான மர இருக்கை. கைப்பிடி இரண்டு மட்டத்தில் இருக்கும். மேல் மட்டம், நிற்கிறவர் முழங்கையை ஊன்றிக்கொள்ள. உட்காரும் பலகை கீல் வைத்து மடங்குவது. அதை மெதுவாக இறக்க ஒரு கைப்பழக்கம் வேண்டும், அது சிறுவயதோடு போய்விட்டது. மகன் பன்றித் தீவனத்துக்கு ஏங்கிய இடத்தில் பலகை ‘டமால்’ என்று விழுந்தது. கறுப்பு உடையில் ஒரு பாட்டி திரும்பிப் பார்த்தார். “பிள்ளை, அது என் இடம். இது பெண்கள் பக்கம்” என்றார். இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள் என்பது பழைய வழக்கம். ஏதென்ஸில் பலர் அதைக் கைவிட்டாயிற்று. பாட்டி விடவில்லை.

நாலு நாள் கழித்து ‘சிக்னோபெம்ப்தி’, அதாவது ‘புகை வியாழன்’. தெருவெல்லாம் இறைச்சி வாட்டுகிற வாசம். பிறகு மார்ச் 18-ல் பெருநோன்பு. இறைச்சி, பால், முட்டை, மீன் எல்லாம் விலக்கு. ஆனால் இரத்தமில்லாத பிராணிகள் என்ற பழைய கணக்கில் இறால், கணவாய், ஆக்டோபஸ் ஆகியவற்றுக்குத் தடையில்லை. கோழிக்குழம்பைத் துறந்து இறாலுக்கு மாறியதில் யோர்கோஸின் ஆன்மா எவ்வளவு சுத்தமானதோ, பர்ஸ் சுத்தமாகிவிட்டது. மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள். அன்றைக்கு மீனுக்கு அனுமதி என்பதால் நாடே வறுத்த காட் மீனும் பூண்டு விழுதுமாக உட்கார்ந்தது. நோன்பு தொடங்கி எட்டாவது நாள்தான், இவரோ எட்டு மாதம் பட்டினி கிடந்தவர் போலச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் அகாதிஸ்தோஸ் பாடல். பெயருக்கே ‘உட்காராதது’ என்று பொருள். கிரேக்க அகரவரிசைப்படி இருபத்து நாலு பகுதிகள், நம் ஆத்திசூடி மாதிரி. முதல் நாலு வெள்ளிகளில் பகுதி பகுதியாகப் பாடி, ஐந்தாம் வெள்ளி முழுவதையும் பாடுவார்கள். ஒமேகா வருவதற்குள் அவருடைய முழங்கால் இரண்டும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டன. இதற்கே இப்படி. சிறுகதை மேதை பபதியாமாந்திஸ் ஏதென்ஸில் ஒரு சிற்றாலயத்தில் பாடகராக நின்றது, நிகோலாஸ் பிளானாஸ் என்ற பாதிரியாரின் இரவு வழிபாடுகளில். பக்தர்கள் எழுதிக் கொடுத்த பெயர்ச்சீட்டுகளை மூட்டையாகச் சேர்த்துவைத்து ஒவ்வொரு பெயராக வாசிப்பவர் பிளானாஸ். 1992-ல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். பாடகரின் கால்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அடுத்தது பாவசங்கீர்த்தனம். எல்லாப் பாதிரியாரும் அதைக் கேட்டுவிட முடியாது. ஆயரின் அனுமதி பெற்ற ‘பினெவ்மாதிகோஸ்’ வேண்டும். அவர் வந்த அன்று நீள வரிசை. யோர்கோஸ் இருபது வருஷப் பாவங்களைத் துறைவாரியாகப் பிரித்து இரண்டு பக்கம் எழுதியிருந்தார். பின்னால் நின்ற அதே பாட்டி எட்டிப் பார்த்து, “சுருக்கமாகச் சொல். எனக்கு அடுப்பில் பருப்பு வேகிறது” என்றார். சொன்னார். பாதிரியார் தம் கழுத்தில் தொங்கிய தோள்துண்டை இவர் தலைமேல் போட்டு மன்னிப்பு ஜெபம் சொன்னார். எங்கே போயிருந்தாய் என்று அவரும் கேட்கவில்லை. காலையில் ஜெபம் செய்கிறாயா என்றுதான் கேட்டார்.

இதற்கிடையில் ஏப்ரல் 23 வந்து போனது. புனித ஜார்ஜ் நாள், அதாவது யோர்கோஸ்கள் அத்தனை பேருக்கும் பெயர்நாள். ஆனால் நோன்புக்குள் விழுந்தால் அது உயிர்ப்புத் திங்களுக்குத் தள்ளிப்போகும். அந்த வருஷம் மே 6. நாத்திக யோர்கோஸும் இதிலிருந்து தப்ப முடியாது. விட்டு விலகியிருந்த காலத்திலும் தன் வாழ்த்து அழைப்புகளின் தேதியைத் திருச்சபைதான் குறித்துவந்தது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மே 4, நள்ளிரவு. விளக்குகளை அணைத்து, பீடத்திலிருந்து வந்த ஒரு தீயிலிருந்து எல்லா மெழுகுவர்த்திகளும் எரிந்து, வெளியே முற்றத்தில் உயிர்ப்புச் செய்தி பாடப்பட்டு, பட்டாசு வெடித்து முடிந்தபோது மணி பன்னிரண்டேகால். கூட்டம் கரைந்தது. வீட்டில் மகிரித்சா காத்திருக்கிறது: ஆட்டுக் குடலும் ஈரலும் கீரையும் போட்டு, முட்டையும் எலுமிச்சையும் அடித்து ஊற்றிய சூப். இருபது வருஷத்துக்கு முன் யோர்கோஸும் அந்தப் பன்னிரண்டேகால் கட்சிதான். இந்த முறை கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனார். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். வலப்பக்கம் போய், பலகையைச் சத்தமில்லாமல் இறக்கினார்.

இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்து, வாசலில் சிவப்பு முட்டை கொடுத்தார்கள். பாட்டி தன் முட்டையை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். முட்டையோடு முட்டை மோத வேண்டும், உடையாதது ஜெயிக்கும்.

“ஆமாம், நீ யார் வீட்டுப் பிள்ளை?”

யோர்கோஸ் அம்மாவின் பெயரைச் சொன்னார். பாட்டி ஒரு கணம் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு ஒரே தட்டு. யோர்கோஸின் முட்டை நொறுங்கிவிட்டது.

“அவள் முட்டையும் இப்படித்தான்,” என்றார் பாட்டி, “முதல் தட்டிலேயே போய்விடும்.”