உலகத்திலேயே பெரிய புறம்போக்கு

தொண்டாமுத்தூரில் அப்பன் விட்டுப்போன ரெண்டு ஏக்கர் பாக்குத்தோப்பை மகன் பெயருக்கு மாற்ற வேண்டுமா? வாரிசுச் சான்று வேண்டும். வில்லங்கச் சான்று வேண்டும். சிட்டா, புலப்படம், சர்வேயரின் நேரம், சர்வேயரின் மனசு எல்லாம் வேண்டும். தென்துருவத்தில் நிலம் வேண்டுமா? ஒரு கடிதம் போதும். எழுதுகிறவர் ராஜாவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1908-ல் பிரிட்டன் அப்படித்தான் எழுதியது. பெரும்பகுதியை எவருமே கண்ணால் பார்த்திராத பனிநிலம் தன்னுடையது என்று அரச முத்திரை குத்தியது. எல்லை எழுதிய அவசரத்தில் அர்ஜென்டினா, சிலி நாடுகளின் தென்கோடியும் உள்ளே போய்விட்டது. திருத்த 1917 வரை ஆயிற்று. ஒன்பது வருஷம். நம் தாலுகா ஆபீஸை இனி யாரும் குறை சொல்லாதீர்கள்.

புறம்போக்கில் ஒருத்தன் வேலி போட்டால் அடுத்தவன் சும்மா இருப்பானா? பிரான்ஸ், நார்வே, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி, அர்ஜென்டினா என்று ஆறு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆஸ்திரேலியா மட்டும் அண்டார்க்டிகா கண்டத்தில் 42 சதவீதத்தை வளைத்தது. ஹிட்லரின் ஜெர்மனிக்கும் ஆசை வந்தது. 1939-ல் விமானத்திலிருந்து ஸ்வஸ்திகா பொறித்த உலோக அம்புகளைப் பனியில் வீசிவிட்டு வந்தது. எல்லைக்கல் நடக் கீழே இறங்கவேண்டிய சிரமம்கூட இல்லை.

அர்ஜென்டினா எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டது. ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியை விமானத்தில் ஏற்றி எஸ்பெரான்சா தளத்தில் இறக்கியது. 1978 ஜனவரி 7-ல் பிரசவம். அண்டார்க்டிகாவில் பிறந்த முதல் மனிதப்பிள்ளை. அழுதது குழந்தை. அரசாங்கத்துக்குக் கேட்டது அனுபவ பாத்தியதை.

இந்தப் பிரசவம் எப்போது? 1959-ல் வாஷிங்டனில் 12 நாடுகள் ஒப்பந்தம் போட்டுச் சமாதானம், விஞ்ஞானம் என்று கைகுலுக்கிய பிறகு. அந்த ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவைப் படித்துப் பாருங்கள். இனிமேல் புதிதாக யாரும் உரிமை கோரக்கூடாது. சரி, ஏற்கெனவே வளைத்தவர்கள்? அவர்கள் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. 2012-ல் பிரிட்டன் தன் மகாராணிக்கு வைரவிழாப் பரிசு கொடுத்தது. வளைத்துவைத்த பனியில் 4,37,000 சதுர கிலோமீட்டருக்கு ‘எலிசபெத் ராணி நிலம்’ என்று பெயர்ப்பலகை. தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கு மேல். விஞ்ஞானம் வளர்ந்தது.

நம்மவர்கள் மட்டும் யோக்கியர்களா?

1956-ல் இந்தியா ஐ.நா. சபையில் அண்டார்க்டிகாவை விவாதத்துக்கு வைக்கச் சொன்னது. உலகப் பொதுச்சொத்து, அமைதி, நியாயம். நல்ல பேச்சு. அதே இந்தியா 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து 21 பேரைச் சத்தமில்லாமல் கப்பலேற்றியது. குழுவின் தலைவர் கடல் விஞ்ஞானி காசிம். வாடகைக் கப்பல், நார்வே நாட்டுடையது. போய்ச் சேர்ந்தது நார்வே தன்னுடையது என்று சொல்லும் பகுதி. நிலத்துக்காரனிடமே வண்டி வாடகைக்கு எடுத்துப்போய் அவன் காட்டில் குடிசை போட்ட தைரியம் வேறு எந்த நாட்டுக்கு வரும்? அங்கே ஓர் ஏரி. பெயர் பிரியதர்சினி. அப்போது பிரதமர் யார் என்று தெரியாதவர்கள்கூட அந்த ஏரியைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

முதல் தளம் தட்சிண கங்கோத்ரி. கட்டிய இடம் பாறை அல்ல, பனித்தட்டு. 1984-ல் அங்கே தபாலாபீஸும் திறந்தோம். பத்து வருஷம் தாங்கவில்லை. பனி மூடியது. தளமும் உள்ளே, தபாலாபீஸும் உள்ளே. பிறகுதான் பாறை இருக்கும் இடமாகப் பார்த்து மைத்ரி, 2012-ல் பாரதி. பாரதி இருப்பது ஆஸ்திரேலியா வளைத்த பக்கம். 2024-ல் அங்கேயும் ஒரு தபாலாபீஸ் வந்துவிட்டது.

வராதது கப்பல். நாற்பது வருஷத்துக்கு மேலாக வருஷாவருஷம் போகிறோம். பனியை உடைத்துப் போக நமக்கென்று ஒரு கப்பல் இல்லை. 2014-ல் மத்திய அமைச்சரவை ஆயிரம் கோடிக்கு மேல் ஒப்புதல் கொடுத்தது. டெண்டர் போனது, வந்தது, போனது. 2025 ஜூனில் கொல்கத்தாவில் கட்டலாம் என்று ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம். யாருடைய துணையோடு? நார்வே நிறுவனத்தின் துணையோடு. நம் விசுவாசத்தை நார்வே சந்தேகிக்கவே முடியாது.

ஆனால் சட்டத்தில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. 2022-ல் நாடாளுமன்றம் இந்திய அண்டார்க்டிகா சட்டத்தை நிறைவேற்றியது. கிருமி நீக்காத மண்ணை அங்கே கொண்டுபோனால் குற்றம். ஹெலிகாப்டர் சத்தத்தால் பறவைகளைக் கலைத்தால் குற்றம். வேண்டுமென்றே கால்நடையாகப் போய்ப் பென்குயின் கூட்டத்தை மிரட்டினாலும் குற்றம். நல்ல சட்டம். ஒரு வரிகூடக் குறை சொல்ல மாட்டேன்.

அதை நிறைவேற்றிய அதே நாட்டில்தான் வெள்ளியங்கிரி மலையடிவாரம் இருக்கிறது. இங்கே செம்மண் ராத்திரியில் டிப்பர் லாரி ஏறும். யானை ராத்திரியில் ஊருக்குள் வரும், வீட்டுச் சுவரை இடித்து ரேஷன் அரிசி தின்னும். யானை வருகிற வழியில் நீங்கள் ஒரு காம்பவுண்டு எழுப்பினால் என்ன தண்டனை என்று கேட்டுப் பாருங்கள். முதலில் மின் இணைப்பு கொடுப்பார்கள். அப்புறம் தார் ரோடு போடுவார்கள். திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார். யானை வந்தால் பட்டாசு வெடிக்க வனத்துறை வரும்.