பாடத்திட்டத்தில் இல்லாதவை

வாழ்க்கைப் பாடத்தை வகுப்பறைக்கு வெளியேதான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பட்டமளிப்பு விழாவுக்கு வருகிற பெரிய மனிதர்கள் தவறாமல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்குக் கவலையே வேண்டாம். நம்மூர் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் பல, சேர்க்கை நாளன்றே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்கின்றன.

மேனேஜ்மென்ட் கோட்டாவுக்காக அப்பா மஞ்சள் பையில் கொண்டுவந்த பணத்தை எண்ணி வாங்கிக்கொள்வார்கள், ரசீது வராது. கட்டாய நன்கொடை குற்றம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1992-ல். பையன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்க்கிறான். நாளைக்கு அவன் தாலுகா ஆபீசில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால், கையை எப்படி நீட்டுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்ஸ்பெக்‌ஷன் வாரம் இன்னும் சிறப்பு. பூட்டிக் கிடந்த லேப் திறக்கும். முன்பின் பார்த்திராத பேராசிரியர்கள் டை கட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். கமிட்டியின் கார் கேட்டைத் தாண்டியதும் அவர்களும் காணாமல் போவார்கள். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட கணக்கு நினைவிருக்கிறதா? 353 ஆசிரியர்கள், ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர வேலை பார்ப்பதாகக் காட்டப்பட்டிருந்தார்கள். கல்லூரிகள் 224. முறைகேடு நடந்ததை அண்ணா பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது. ஒரே நேரத்தில் பல ஊர்களில் தோன்றிய சித்தர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். போலி ஆதார் எண்ணோடு தோன்றிய சித்தர்களை அப்போதுதான் பார்த்தோம். நேரில் போய் ஆய்வு செய்த குழுக்களின் கண்ணில் மட்டும் இது படவே இல்லையாம்!

மாணவன் கண்ணில் பட்டது. ஆனால் வாயைத் திறக்க மாட்டான். அவனுடைய பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் சொன்னது இன்னும் அந்த பீரோவுக்குப் போய்ச் சேரவில்லை. பாடம் நடத்துகிற சாரின் சான்றிதழும் அதற்குள்ளேதான். கோடை வெயிலில் அட்மிஷன் பிடிக்க வீடு வீடாக அலைகிற அவரிடம் எந்தப் பையன் போய் நியாயம் கேட்பான்?

ஒழுக்கத்துக்கு மட்டும் குறைவில்லை. பையனும் பெண்ணும் பேசினால் ஃபைன். ஏறுகிற மாடிப்படிகூடத் தனித்தனி. (கறுப்புப் பணத்துக்கு மட்டும் பொதுவழி.)

இப்படி நான்கு வருஷம் பழக்கி வெளியே அனுப்பிவிட்டு, ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நேர்மை இல்லை’ என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறோம். வெட்கமாக இல்லையா நமக்கு? நகையை அடகு வைத்து, திருட்டைப் பாடமாக வாங்கிக் கொடுத்தது யார்?

பெற்றோர்களே, இந்த வருஷம் சேர்க்கைக்குப் போனால் வாசலில் தொங்கும் ப்ளேஸ்மென்ட் பேனரை வாய் பிளந்து பார்க்காதீர்கள். நேரே ஸ்டாஃப் ரூமுக்குப் போங்கள். இணையதளத்தில் பேர் போட்டிருக்கிற பேராசிரியர்களில் பத்துப் பேரைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.