நாடு கண்டுபிடிப்பது எப்படி?

முதல் வேலையாக, ஏற்கெனவே ஜனங்கள் நிறைந்த ஊராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆளில்லாத தீவைக் கண்டுபிடித்தால் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்? 1498 மே மாதம் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டைக் ‘கண்டுபிடித்தபோது’ அரபு வணிகர்கள் அங்கே தலைமுறைக் கணக்கில் கடை விரித்திருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அவர் முதலில் கரைக்கு அனுப்பியது ஒரு தண்டனைக் கைதியை. எதிர்ப்பட்ட துனிஸ்காரர்கள் இருவர் அவனிடம் ஸ்பானிய மொழியிலேயே பேச்சுக் கொடுத்தார்கள்.

வழி தெரியாதே என்ற கவலை வேண்டாம். ஆப்பிரிக்காவின் மலிந்தியில் ஒரு மாலுமியைக் கேட்டு வாங்கிக்கொண்டார் காமா. காற்றின் போக்கு தெரிந்த மனுஷர். 23 நாளில் அக்கரை சேர்த்துவிட்டார். அவர் பெயர் என்ன என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்; பெயரைக் குறித்துவைத்தால் புகழில் பங்கு கேட்பார்.

ராஜாவைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா? காமா கொண்டுபோனவை: துணி 12, தொப்பி 6, கை கழுவும் பாத்திரம் 6, கொஞ்சம் பவளம், சர்க்கரை, எண்ணெய், தேன். மிளகுக் கடலில் மிதந்த கோழிக்கோட்டு ராஜா சாமூதிரிக்கு! கொல்லன் தெருவில் ஊசி விற்றவன்கூட ஊசியையாவது நல்லதாகக் கொண்டுபோயிருப்பான். அதிகாரிகள் சிரித்துவிட்டு, மெக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரியே இதைவிட அதிகம் தருவான் என்றார்கள். காமா அசரவில்லை. இது என் சொந்தக் காசில் வாங்கியது, எங்கள் ராஜா கொடுத்தால் பெரிதாகக் கொடுப்பார் என்றார். இந்த வசனத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், கல்யாண வீடுகளிலும் உதவும்.

உள்ளூர்ப் பழக்கம் புரியாவிட்டால் நம்முடையது என்று வைத்துக்கொள்வது உத்தமம். ஒரு கோயிலை மாதா கோயில் என்று நினைத்துக் காமாவின் கூட்டம் உள்ளே போய்க் கும்பிட்டது. சுவரில் புனிதர்களுக்கு நாலைந்து கை, வெளியே நீட்டிய பல். அப்படியும் கும்பிட்டார்கள். பூசிக்கொள்ளச் சொல்லி வெண்மண் கொடுத்தார்கள். அப்புறம் பூசிக்கொள்கிறேன் என்று காமா பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது உள்ளூர்க்காரன் பேச்சைக் கேட்காதீர்கள். காற்று மாறும்வரை பொறுக்காமல் கிளம்பியதில், 23 நாள் கடல் மூன்று மாதமாக நீண்டது. ஈறு வீங்கி முப்பது பேர் செத்தார்கள். பாய் இழுக்க ஆளில்லாமல் ஒரு கப்பலையே கொளுத்தினார்கள்.

அடுத்த முறை பரிசு தேவையில்லை, பீரங்கி போதும். 1502-இல் மெக்கா போய்த் திரும்பிய யாத்திரிகர் கப்பலை, பெண்கள் குழந்தைகளோடு எரித்தார் காமா. என் பாடப்புத்தகத்தில் 1498 மட்டும்தான் இருந்தது. ஒரு மார்க்.

கடைசியாக, கண்டுபிடித்த நாட்டிலேயே இறந்துவிடுங்கள். 1524-இல் காமா கொச்சியில் இறந்தார். எலும்புகளைப் பிறகு போர்ச்சுகலுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். காலிக் கல்லறையைச் சுற்றி இன்றும் படம் எடுக்கிறார்கள்.